ஹெயான் அரசவையும் மகளிர் எழுத்தும்

ஒரு காலத்து மக்களைப் பற்றிப் பின்வந்தோர் எதனை அறிகின்றனர் என்பது, அம்மக்கள் எதனைப் பேணிவைக்க எண்ணினர் என்பதை மாத்திரம் பொறுத்ததன்று. அரசர் பொறிப்பித்த சாசனங்கள் பல மறைந்தொழிய, ஓய்வு வேளையிலே எழுதப்பட்ட ஏடுகள் நிலைபெறுதலும் உண்டு. இவ்வுண்மைக்கு யப்பான் தேசத்து ஹெயான் கால வரலாற்றினும் தெளிவான சான்று காண்டல் அரிது. கி.பி. 794 முதல் 1185 வரையுள்ள ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளை ஹெயான் காலம் என்பர். அக்காலத்து அரசவையிலே ஆடவர் சீனமொழியைக் கற்று, சட்டங்களையும் வரலாறுகளையும் தம் நாட்குறிப்புக்களையும் அம்மொழியிலேயே எழுதினர். அதுவே கல்வி, அதுவே புலமை என மதிக்கப்பட்டது. மகளிரோ தாம் பேசிய மொழியையே எளியதோர் எழுத்திலே கடிதமாகவும் கதையாகவும் நாட்குறிப்பாகவும் எழுதினர். அவ்வெழுத்தைப் ‘பெண் கை’ என்று வழங்கினர். இன்று உலகம் ஹெயான் காலத்தை அறிவது பெரிதும் அப்பெண்கை எழுதிய நூல்களாலேயாம். இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அவ்விலக்கியத்தைத் தாங்கிநின்ற வாழ்க்கை எத்தகையது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைநகரும் சீனக் கல்வியும்

710ஆம் ஆண்டு முதல் யப்பானியரின் தலைநகராய் விளங்கியது நாரா. பேரரசர் கம்மு 784இல் அந்நகரை நீங்கி நாகஓகாவிலே தங்கிப் பத்தாண்டுகளின் பின், 794இல் புதிய நகரொன்றிற் குடிபுகுந்தார். அதற்கு ‘அமைதியின் தலைநகர்’ எனப் பொருள்படும் ஹெயான்கியோ என்னும் பெயர் சூட்டப்பட்டது. இன்றைய கியோற்றோ நகரம் அதுவே. 1869இலே பேரரசர் மெய்ஜி ரோக்கியோவுக்குச் செல்லும்வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரசரின் இருப்பிடம் அந்நகரேயாயிருந்தது.

தாங் வமிசத்துச் சீனரின் தலைநகராகிய சாங்-ஆனை மாதிரியாகக் கொண்டே இந்நகர் வகுக்கப்பட்டது. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 4.5 கிலோமீற்றரும், வடக்குத் தெற்காக 5.2 கிலோமீற்றரும் பரந்த நீள்சதுரம் அது. வடபாலில் அரண்மனை; தென்பாலில் ரஷோமன் என்னும் பெருவாயில்; இவ்விரண்டையும் இணைத்து, ஏறத்தாழ 84 மீற்றர் அகலமுடைய சுசாக்கு வீதி. இவ்வீதியின் இருமருங்கும் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் கட்டங் கட்டமாகச் சென்றன. ஆயின் வகுத்தவாறே நகரம் நிரம்பிற்றில்லை. மேற்குப்பாதி ஈரமிக்க தாழ்நிலமாதலின் அங்கு மக்கள் நெடிது தங்கிலர். சீனத்திலிருந்து பெற்ற அமைப்பு யப்பானிய நிலத்திலே பொருந்தியவாறும் பொருந்தாதவாறும் இந்நகரின் அமைப்பிலேயே புலனாகின்றது.

நகரின் அமைப்பைப் போன்றே ஆட்சியமைப்பும் சீனத்திலிருந்து வந்தது. 701ஆம் ஆண்டின் தைஹோ சட்டத்தொகுதி, அரசவையினரைப் படிநிலைகளாகப் பகுத்தது. ஐந்தாம் படிக்கு மேற்பட்டோரே உயர்குடியினராகக் கருதப்பட்டனர். உடுக்கும் ஆடையின் நிறம், ஏறும் வண்டியின் வகை, மைந்தர் பெறும் உத்தியோகம் யாவும் படியைப் பொறுத்தனவே. சீனத்திலே பரீட்சையின் வாயிலாகக் கல்விமான் உயர்தற்கு ஒருவழி இருந்தது. யப்பானிலோ பிறப்பின் வலிமை அவ்வழியைப் பெரிதும் அடைத்துவிட்டது; தந்தையின் படியே மைந்தனின் தொடக்கப் படியைத் தீர்மானித்தது.

அரசாங்கத்தின் மொழியும் சீனமே. 720இல் முடிந்த ‘நிகொன் ஷொக்கி’ முதலாக 901இல் முடிந்த ஆறாவது நூல் ஈறாக, அரசாணையால் ஆக்கப்பட்ட ஆறு தேச வரலாறுகளும் சீனமொழியிலேயே எழுந்தன. இச்சீனப் புலமையின் கொடுமுடியிலே நின்றவர் சுகவாரா நோ மிச்சிசானே. 894இலே சீனத்துக்குச் செல்லவிருந்த தூதுக்குழுவின் தலைவராக நியமிக்கப்பெற்ற இவர், அச்செலவை மறுபரிசீலனை செய்யுமாறு விண்ணப்பித்தார், தூதுக்குழு புறப்படவில்லை. 838ஆம் ஆண்டுத் தூதே தாங் அரசவைக்கு யப்பான் அனுப்பிய இறுதித் தூதாயிற்று. வணிகரும் பிக்குகளும் கடல்கடந்து போய்வந்தனராயினும், அரசுமுறைத் தொடர்பு அறுந்தது. மிச்சிசானேயின் புலமை அவரைக் காத்திலது. புஜிவாராக் குடியினரின் பகையால் 901இல் அவர் மேற்கே கியூஷுத் தீவிலுள்ள தசாயிபுவுக்கு அகற்றப்பட்டு, 903இல் அங்கேயே உயிர்நீத்தார். பின்னர்த் தலைநகரிலே நிகழ்ந்த இன்னல்களை அவருடைய ஆவியின் சினமெனக் கருதி அஞ்சியோர், அவரைத் தெய்வமாக்கிக் கோயில் எடுத்தனர். இன்றும் யப்பானிய மாணாக்கர் பரீட்சைக்கு முன்னர் வழிபடுவது அக்கல்வித் தெய்வத்தையே.

பாட்டனாரின் ஆட்சி

மிச்சிசானேயை வீழ்த்திய புஜிவாராக் குடியினர் வாளால் ஆட்சியைக் கைப்பற்றியவரல்லர், மணத்தொடர்பினாலே பற்றினர். அக்காலத்து உயர்குடி மணமுறையை அறிந்தாலன்றி இதனை விளங்கிக்கொள்ளல் இயலாது. மணந்த மகள் பெரும்பாலும் தன் தந்தையின் இல்லத்திலேயே தங்கினாள். கணவன் அங்கு வந்து சென்றான், அல்லது அங்கேயே குடியேறினான். பிறந்த குழந்தைகள் தாய்வீட்டிலே வளர்ந்தன. அரசிளங்குமரரும் இவ்வழக்கிற்கு விலக்கல்லர். ஆகவே, மகளைப் பேரரசருக்கு மணமுடித்துக் கொடுத்த தந்தை, தன் இல்லத்திலே தன் மடிமீது வளர்ந்த பெயரன் அரியணை ஏறும்போது நாட்டின் மெய்யான தலைவனானான். 866இலே புஜிவாரா நோ யோஷிபுசா, அரசகுலத்திற் பிறவாதிருந்தும் இராசப்பிரதிநிதி என்னும் பதவியைப் பெற்ற முதல்வரானார். பின்னர் அப்பதவி அக்குடியின் உரிமைபோலவே ஆயிற்று.

இம்முறையின் உச்சியை எய்தியவர் புஜிவாரா நோ மிச்சினாகா (966 – 1028). 995ஆம் ஆண்டிலே தலைநகரைத் தாக்கிய கொள்ளைநோய் உயர் உத்தியோகத்தர் பலரைக் கொண்டுசென்றது. அவருடைய தமையன்மார் இருவரும் அவ்வாண்டிலேயே மறைந்தனர். அதனால் திறந்த வழியிலே மிச்சினாகா உயர்ந்தார். அவர் புதல்வியர் நால்வர் பேரரசிகளாயினர். பெயரர் மூவர் பேரரசராயினர். 1018இலே மூன்றாம் புதல்வி பேரரசியானபோது நிகழ்ந்த விருந்திலே, தம் வாழ்வைக் குறைவற்ற முழுமதிக்கு ஒப்பிட்டு அவர் ஒரு பாட்டுப் பாடினார் என்பது வரலாறு. அப்பாட்டை மிச்சினாகா தம் நாட்குறிப்பிலே பொறித்தாரல்லர்; அவரை வெறுத்து விமரிசித்து வந்த சனெசுக்கே என்னும் உறவினரின் நாட்குறிப்பினாலேயே அது நமக்குக் கிடைத்தது. வளர்ந்த மதி தேயும் என்பதை அவ்விருந்திலே எவரும் எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை.

இம்மண அரசியலே மகளிர் இலக்கியத்துக்கு நிலைக்களனாயிற்று. பேரரசருக்குத் துணைவியர் பலர். அவருள் ஒருத்தியின் மாளிகையிலே அரசர் விரும்பித் தங்குதல் வேண்டுமாயின், அங்கே அழகு மட்டும் போதாது. பாட்டும் கதையும் நுண்ணிய உரையாடலும் நிறைந்திருத்தல் வேண்டும். ஆகவே தந்தைமார், தம் புதல்வியருக்குத் தோழியராகக் கல்வியிற் சிறந்த பெண்களைத் தேடி அமர்த்தினர். பேரரசர் இச்சிஜோவின் அவையிலே இப்போட்டி உச்சநிலை அடைந்தது. மிச்சினாகாவின் தமையனார் மிச்சித்தாக்காவின் புதல்வி தெய்ஷி 990இலே பேரரசியானாள். மிச்சினாகா தம் புதல்வி ஷோஷியை 999இல் அரண்மனைக்கு அனுப்பி, 1000இலே அவளையும் பேரரசியாக்கினார். ஓர் அரசருக்கு ஒரேகாலத்திலே பேரரசியர் இருவர் இருத்தல் அதற்குமுன் இல்லாத வழக்கம். தெய்ஷியின் தோழி சேய் ஷோனகொன்; ஷோஷியின் தோழி முரசாக்கி ஷிக்கிபு. இரு குடும்பக் கிளைகளின் அதிகாரப் போட்டியிலிருந்தே யப்பானிய உரைநடையின் தலைசிறந்த நூல்கள் இரண்டும் தோன்றின.

திரைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

உயர்குடியினரின் மாளிகைகள் மரத்தாலானவை. நடுவே தலைமைக் கூடம்; இருபுறமும் மூடிய நடைபாதைகளால் இணைந்த மனைகள்; முன்னே குளமும் செய்குன்றும் அமைந்த தோட்டம். கூடங்களை நிலையான சுவர்கள் பிரிக்கவில்லை. மூங்கில் தட்டிகளும் துணித்திரைகளும் மடிப்புத் திரைகளுமே பிரித்தன. உயர்குடிப் பெண்ணொருத்தியைத் தந்தையும் கணவனும் உடன்பிறந்தாருமன்றி வேற்று ஆடவர் நேரே காணுதல் முறையன்று. திரைக்கு வெளியே வண்ண வண்ணமாக அடுக்கி உடுத்த ஆடைகளின் ஓரம் மாத்திரம் புலப்படும். குரல் மெல்லக் கேட்கும். அவள் தானே கலந்தமைத்த நறும்புகையின் மணம் காற்றிலே வரும். இவற்றைக் கொண்டே ஒருவர் அவளது தகுதியை மதிப்பிடுவர்.

ஆதலால் கடிதத்துக்கு அளவிறந்த மதிப்புண்டாயிற்று. முகத்தைக் காண்பதன் முன்னர் எழுத்தைக் காணலாம் அன்றோ? காகிதத்தின் நிறம், மையின் செறிவு, கையெழுத்தின் ஓட்டம், கடிதத்தோடு கட்டி அனுப்பும் பூங்கொம்பு ஆகிய யாவும் பருவத்துக்கும் சூழலுக்கும் இயைதல் வேண்டும். கடிதத்தின் நடுவே ஒரு பாட்டு இருத்தல் வேண்டும். வந்த பாட்டுக்கு உடனே மறுபாட்டு எழுதல் வேண்டும், தாமதித்தால் இழுக்கு. வாக்கா எனப்படும் அப்பாட்டு 5, 7, 5, 7, 7 என ஐந்து அடிகளில் 31 அசைகளைக் கொண்டது. காதலுக்கும் இரங்கலுக்கும் வாழ்த்துக்கும் மன்னிப்புக்கும் அதுவே வாயில். பாட்டுப் போட்டிகள் அரண்மனையிலே பெருவிழாவாக நிகழ்ந்தன. 960இலே பேரரசர் முரகாமியின் அவையில் நிகழ்ந்த போட்டி பிற்காலத்தவர்க்கு எடுத்துக்காட்டாய் விளங்கிற்று. பாட்டெழுத அறியாத ஒருவன் அவ்வவையிலே வாழ்தல் அரிது. அரசியல் வல்லாரும் படைத்தலைவரும் இதற்கு விலக்கல்லர்.

தாய்மொழிக்கு ஓர் எழுத்து

இப்பாட்டுக்களைச் சீனத்தில் எழுதுதல் இயலாது. சீனமொழியிலே சொற்கள் உருபேற்றுத் திரிவதில்லை. யப்பானிய மொழியிலோ வினை வாக்கியத்தின் ஈற்றிலே நிற்க, அதன் ஈற்றிலே விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேரும். பெயரின் பின் வேற்றுமையைக் காட்டும் இடைச்சொற்கள் வரும். இவ்வமைப்புத் தமிழறிந்தார்க்கு வியப்பளிப்பதன்று. இத்தகைய மொழியை எழுதுதற்குத் தொடக்கத்திலே சீன எழுத்துக்களைப் பொருள் நோக்காது ஒலிக்காக மட்டும் பயன்படுத்தினர். எட்டாம் நூற்றாண்டுப் பாடற்றொகையாகிய ‘மன்யோஷூ’ இவ்வாறு எழுதப்பட்டதே. காலப்போக்கிலே அவ்வெழுத்துக்கள் விரைவாக எழுதப்பட்டுக் குழைந்து ‘ஹிரகானா’ என்னும் எளிய அசையெழுத்தாயின. பௌத்த பிக்குகள் சூத்திரங்களைப் படிக்குமிடத்து, எழுத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து ஓரத்திற் குறித்தமையால் ‘கத்தக்கானா’ தோன்றிற்று.

இங்கு இந்தியத் தொடர்பொன்றையும் குறிப்பிடல் தகும். பௌத்த மந்திரங்களை எழுத வழங்கிய சித்தம் என்னும் இந்திய எழுத்தை யப்பானியப் பிக்குகள் கற்றனர். அதன் பயனாக, தம் அசையெழுத்தை அ, இ, உ, எ, ஒ என்னும் உயிர்களின் வரிசையிலும், க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்னும் மெய்களின் வரிசையிலும் அடைவுபடுத்தினர். இவற்றுள் ஹகர வரிசை பண்டு பகர ஒலி உடையதாயிருந்தது. யப்பானிய அகராதிகள் இன்றும் இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றன.

கானா எழுத்து மகளிர்க்கே உரியதென்று கருதுதல் தவறாகும். 905இலே பேரரசர் தைகோவின் ஆணைப்படி தொகுக்கத் தொடங்கிய ‘கொக்கின்ஷூ’ என்னும் தொகைநூல், ஏறத்தாழ 1,100 பாட்டுக்களை இருபது பகுதிகளிற் கொண்டது. அதன் தொகுப்பாசிரியர் நால்வரும் ஆடவரே. அவருள் தலைவரான கீ நோ சுராயுக்கி, அந்நூலுக்குக் கானாவிலே ஒரு முகவுரை எழுதினார். சீனத்திலும் ஒரு முகவுரை சேர்க்கப்பட்டது. அரசாணையால் எழுந்த நூலொன்று தாய்மொழி முகவுரையோடு தொடங்கியமை அம்மொழி பெற்ற முதற் பெருஞ்சிறப்பாகும்.

ஆயினும் பாட்டுக்கு இசைந்த மொழியை உரைநடைக்கு ஆடவர் எளிதில் ஏற்றாரல்லர். இதே சுராயுக்கி, தோசா மாகாணத்தின் அதிபதியாயிருந்து 935ஆம் ஆண்டளவிலே தலைநகருக்கு மீண்ட கடற்பயணத்தைக் கானாவிலே நாட்குறிப்பாக எழுதியபோது, ஒரு பெண் எழுதுவதாகவே அதனை அமைத்தார். ஆடவர் எழுதும் நாட்குறிப்புச் சீனத்தில் அமைதல் வேண்டுமென்னும் வழக்கை வெளிப்படையாக மீற அவர் துணிந்திலர். அந்நூலின் அடிநாதமாய் அமைவது தோசாவிலே இறந்துபோன சிறுமகளைப் பற்றிய துயரம். உத்தியோகத்தர் ஒருவர் தம் துயரைச் சொல்லப் பெண்ணின் குரலைக் கடன்பெற நேர்ந்தமையே இருமொழிகளுக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை நன்கு உணர்த்தும். சீனத்திலே கடமையை எழுதலாம். உள்ளத்தை எழுதத் தாய்மொழியே வேண்டியதாயிற்று.

மகளிர் நூல்கள்

சுராயுக்கி தொடங்கிவைத்ததை மகளிர் தம் சொந்தக் குரலிலே நிறைவேற்றினர். மிச்சிச்சுனாவின் தாய் என்று மாத்திரம் அறியப்படும் ஒருத்தி, 954 முதல் 974 வரையுள்ள தன் மணவாழ்க்கையை ‘ககெரோ நாட்குறிப்பு’ என்னும் நூலாக எழுதினாள். அவள் கணவர் மிச்சினாகாவின் தந்தையாராகிய கனெய்யே. பல மனைவியருள் ஒருத்தியாக, வருவாரோ வாராரோ எனக் காத்திருந்த இரவுகளை அவள் மறைக்காது எழுதினாள். முற்காலக் கதைகளிலே கூறப்படும் இன்பமணங்கள் பொய்யென்பதைக் காட்டவே தன் வாழ்வை எழுதுவதாக அவள் கூறுகின்றாள். பாட்டனாரின் ஆட்சி எனும் அரசியல் அமைப்பு, பெண்ணின் உள்ளத்திலிருந்து பார்க்குமிடத்து எத்தகையது என்பதை அந்நூலினாலன்றி வேறெதனால் அறிவோம்?

சேய் ஷோனகொன் எழுதிய ‘தலையணை நூல்’ வேறு சுவையுடையது. இனிமையானவை, எரிச்சலூட்டுபவை, மனத்தைத் துள்ளச்செய்பவை எனப் பட்டியல்களும், அரண்மனை நிகழ்ச்சிகளும், பருவங்களைப் பற்றிய குறிப்புக்களும் விரவிய நூல் அது. அது தோன்றியவாற்றை ஆசிரியையே கூறுகின்றாள். அமைச்சர் கொரெச்சிக்கா தம் தங்கையாகிய பேரரசி தெய்ஷிக்குக் காகிதக் கட்டொன்றை அளித்தார். பேரரசரின் பக்கத்திலே சீன வரலாற்று நூலாகிய ‘ஷீ ஜி’யைப் படியெடுத்துக்கொண்டிருந்தனர். நாம் எதனை எழுதுவோம் என்று பேரரசி வினவ, அக்காகிதத்தைத் தலையணையாக்கலாம் என்றாள் ஷோனகொன். அவ்வாறாயின் நீயே வைத்துக்கொள் எனப் பேரரசி அதனைக் கொடுத்தாள். காகிதம் அரிதாயிருந்த காலத்திலே ஆடவர் பக்கத்திற் சீன வரலாறும், மகளிர் பக்கத்தில் இந்நூலும் எழுந்தமை கருதத்தக்கது.

இம்மகளிர் சீனம் அறியாமையால் தாய்மொழியில் எழுதினர் என்பாரும் உளர். அது முழுவுண்மையன்று. பனி ஆழப்பொழிந்த ஒருநாள், சீன தேசத்து மலைச்சிகரமொன்றின் பெயரைக் குறித்து, அங்குள்ள பனி எவ்வாறிருக்கும் எனப் பேரரசி வினவினாள். ஷோனகொன் விடைகூறாது எழுந்து தட்டியை உயரச் சுருட்டச் செய்தாள். சீனக் கவிஞர் பாய் சூயியின் பாட்டொன்றிலே அச்சிகரத்துப் பனியைக் காணத் தட்டியை உயர்த்தும் செய்தி வருகின்றது. வினாவின் குறிப்பை உணர்ந்த தோழியைக் கண்டு பேரரசி நகைத்தாள். முரசாக்கி ஷிக்கிபுவும் தன் சகோதரனுக்குத் தந்தை சீனம் கற்பித்தபோது அருகிருந்து கேட்டு, அவனைவிட விரைவிலே கற்றவள். இவள் ஆணாய்ப் பிறக்கவில்லையே எனத் தந்தை வருந்தினாராம். பின்னாளிலே பேரரசி ஷோஷிக்கு அவள் பாய் சூயியின் பாட்டுக்களைப் பிறர் அறியாவண்ணம் கற்பித்தாள். ஆகவே இம்மகளிரின் எழுத்துக்குச் சீனக் கல்வியும் உரமூட்டிற்று. அக்கல்வியைக் காட்டிப் பதவிபெறும் வழி அவர்க்கு அடைபட்டிருந்தது. அதனால் அவர் கற்றது காட்சிப்பொருளாகாது உள்ளத்திலே செரித்துத் தாய்மொழியிலே வெளிப்பட்டது.

முரசாக்கி ஷிக்கிபு என்பது இயற்பெயரன்று. ஷிக்கிபு என்பது தந்தை தமெதோக்கி வகித்த உத்தியோகத்தினால் வந்தது. முரசாக்கி அவள் படைத்த கதைமாந்தருள் ஒருத்தியின் பெயர். 1001இலே கணவனை இழந்தபின் எழுதத் தொடங்கினாள் என்பர். சில ஆண்டுகளில் ஷோஷியின் தோழியானாள். அவள் எழுதிய ‘கெஞ்சி கதை’ 54 அத்தியாயங்களும், ஏறத்தாழ 800 பாட்டுக்களும், நானூறுக்கு மேற்பட்ட பாத்திரங்களும் கொண்ட பெருங்கதை. பேரரசருக்குத் தாழ்ந்த நிலையிலுள்ள துணைவியொருத்தியிடம் பிறந்து, அரசுரிமை இழந்து, குடிமகனாக்கப்பட்ட ஓர் அழகனின் காதலும் உயர்வும் தாழ்வும் முதுமையும் அதன் பொருள். அவன் இறந்தபின்னரும் கதை நிற்பதில்லை. அடுத்த தலைமுறையின் மனக்குழப்பங்களோடு தொடர்கின்றது. இன்பம் நுகருமிடத்தே அதன் நிலையாமையையும் உணர்த்தும் அக்கதையின் போக்கைப் பிற்கால அறிஞர் மொதோரி நொரினாகா (1730 – 1801) ‘மொனோ நோ அவாரே’ என்னும் தொடரால் விளக்கினார். பொருள்களின் நிலையாமை கண்டு உள்ளம் நெகிழ்தல் என அதனைக் கூறலாம்.

இக்கதையின் ஓரிடத்திலே கெஞ்சி கதைநூல்களைப் பற்றிப் பேசுகின்றான். முதலிலே அவற்றைப் பொய்யென எள்ளியவன், பின்பு, அரசாங்க வரலாறுகள் உண்மையின் ஒரு பகுதியையே காட்டுவன, மாந்தர் வாழ்வின் நுட்பங்களைக் கதைகளிலேதான் காணலாம் என்னும் கருத்தை உரைக்கின்றான். சீனமொழி வரலாறுகளே உயர்ந்தனவென மதிக்கப்பட்ட அவையிலே, ஒரு பெண் தன் கதாநாயகன் வாயிலாகக் கூறிய இக்கூற்று விளையாட்டன்று. கதையைப் படிக்கக்கேட்ட பேரரசர் இச்சிஜோ, இவள் தேச வரலாறுகளைப் படித்திருத்தல் வேண்டும் எனப் பாராட்டியதாக அவள் நாட்குறிப்புக் கூறுகின்றது.

இந்நூல்கள் அரண்மனைக்கு வெளியேயும் எவ்வளவு ஆவலுடன் படிக்கப்பட்டன என்பதற்குச் ‘சரஷினா நாட்குறிப்பு’ சான்று. அதன் ஆசிரியை சுகவாரா நோ தக்கசுவேயின் மகள். கிழக்கே கசுசா மாகாணத்திலே வளர்ந்து, 1020இலே தலைநகருக்கு வந்த இச்சிறுமி, கெஞ்சி கதையை முழுதும் படித்தல் வேண்டுமெனத் தெய்வங்களை வேண்டினாள். உறவினள் ஒருத்தி முழுத்தொகுதியையும் பரிசளிக்க, இரவும் பகலும் அதனைப் படித்தாள். இவள் மிச்சிசானேயின் வழித்தோன்றல். ககெரோ ஆசிரியையின் தங்கை மகளுமாவாள். சீனப் புலமையின் தெய்வமாகிய முன்னோரின் குலத்திலே வந்தவள், தாய்மொழிக் கதையொன்றுக்குத் தன் இளமையையே அளித்தாள்.

திரைக்கு அப்பால்

இனி மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். மேலே கூறிய மகளிர் நால்வரின் தந்தையரும் நடுத்தர உயர்குடியினர். மாகாண அதிபதிகளாகக் கடமையாற்றியவர்கள். தலைநகரிலே உயர்பதவி பெறாத அவர்க்கு மாகாணங்களே செல்வம் அளித்தன. பட்டாடைகளும் நறும்புகைகளும் காகிதமும் குடியானவரின் நெல்லிலிருந்தும் துணியிலிருந்தும் பிறந்தவையே. அவர் நிலையை அறிய ஓர் ஆவணம் உண்டு. 988ஆம் ஆண்டிலே ஓவாரி மாகாணத்துச் சிற்றதிகாரிகளும் குடிகளும், தம் அதிபதி புஜிவாரா நோ மொதொனாகாவின் கொடுமைகளை 31 பிரிவுகளாக எழுதி அரசவைக்கு முறையிட்டனர். வரம்புமீறி இறுத்த வரிகளும், தலைநகரிலிருந்து அவனுடன் வந்தோர் புரிந்த கொள்ளையும் அதிலே விரிக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டிலே அவன் பதவி நீக்கப்பட்டான். இம்முறையீடு சீனமொழியிலே எழுதப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

மகளிர் நூல்களிலே இக்குடிகளின் குரல் கேட்பதில்லை. எளியோர் குடில்மீது பனி பொழிதல் பொருத்தமற்றது எனச் சேய் ஷோனகொன் தன் பட்டியலொன்றிலே சேர்க்கின்றாள். பனியின் அழகு அவர்க்கு உரியதன்று என்பது கருத்து. அவளுடைய நுண்ணுணர்வு எவ்வளவு கூரியதோ அவ்வளவு குறுகியது. அவளையும் குற்றம் கூறுதல் எளிதன்று. தன் தலைவி தெய்ஷியின் தந்தை இறக்க, தமையன் கொரெச்சிக்கா 996இல் நாடுகடத்தப்பட, தெய்ஷியும் 1001ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மகப்பேற்றின்பின் உயிர்நீக்க, அத்துயரங்களைப் பெரும்பாலும் விலக்கி, தலைவியின் நகைமுகத்தையே அவள் எழுதிவைத்தாள். அவள் நூலின் மகிழ்ச்சி, வீழ்ந்த இல்லத்தின்பால் அவள் செலுத்திய நன்றிக்கடன் எனலாம்.

அரசவை தன்னைத் தாங்கிய நிலத்தை மறந்ததன் விளைவு தாழ்த்தே வந்தது. உயர்குடியினரும் கோயில்களும் வரிவிலக்குப் பெற்ற பண்ணைகளைப் பெருக்க, அரசாங்கத்தின் வருவாய் சுருங்கிற்று. மாகாணங்களிலே அமைதிகாக்கும் பொறுப்பு உள்ளூர்ப் போர்வீரர் கையிற் சென்றது. 939இலே கிழக்குமாகாணங்களிற் கிளர்ந்தெழுந்த மசக்காதோவை அடுத்த ஆண்டு அடக்கியவரும் அத்தகைய வீரரே. 1180 முதல் 1185 வரை நிகழ்ந்த போரிலே வென்ற மினமோதோக் குடியினரின் தலைவன் யோரித்தோமோ, 1192இலே ஷோகன் பதவி பெற்று, தலைநகருக்குத் தொலைவிலுள்ள காமக்குராவிலிருந்து ஆண்டான். பேரரசர் கியோற்றோவிலே இருந்தனர், அதிகாரம் அங்கில்லை.

நிலைபெற்றது

அதிகாரம் நீங்கியபின் அவ்வரசவைக்கு எஞ்சியது அதன் இலக்கியமே. கவிஞர் தெய்க்கா (1162 – 1241) கெஞ்சி கதையின் பிரதிகளை ஒப்புநோக்கிச் செம்மைப்படுத்தினார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே அக்கதை ஓவியச் சுருள்களிலே தீட்டப்பட்டது. அவ்வவையினரை வென்ற வீரர்குடிகளின் வழித்தோன்றல்களும் அதனைக் கற்றுப் பெருமை கொண்டனர். இருபதாம் நூற்றாண்டிலே கவிஞர் யோசானோ அக்கிக்கோ அதனை இக்கால யப்பானிய நடையில் எழுதினார். 1925 முதல் 1933 வரை ஆதர் வெய்லி ஆங்கிலத்திலே ஆறு பகுதிகளாக வெளியிட்டார். முரசாக்கியின் நாட்குறிப்பிலே அக்கதையைப் பற்றிய குறிப்பு 1008ஆம் ஆண்டு பதினோராம் மாதம் முதலாந் திகதிக்குரிய பதிவிலே காணப்படுதலின், நவம்பர் 1ஆம் நாளைச் செவ்வியல் இலக்கிய நாளாகக் கொண்டாட யப்பான் 2012இலே சட்டம் இயற்றியது.

மிச்சினாகா தம் கையாலெழுதிய சீனமொழி நாட்குறிப்பும் அழிந்துவிடவில்லை. 2013இலே அது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. விழாக்களின் ஒழுங்கையும் நியமனங்களின் நாளையும் அறிய அதுவே வேண்டும். ஓவாரிக் குடிகளின் துயரை அறியவும் சீனமொழி ஆவணமே வேண்டும். ஆகவே கற்ற மொழியின் பயனை மறுத்தல் அறிவுடைமையன்று. ஆயினும் மிச்சினாகாவின் நாட்குறிப்பை ஆராய்ச்சியாளர் தேடிப் படிக்கின்றனர். அவர் தம் மகளுக்குத் தோழியாக அமர்த்திய கைம்பெண்ணின் கதையை உலகம் விரும்பிப் படிக்கின்றது.

இதிலிருந்து வரலாறு பயில்வார் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஓர் அவை எதனைப் புலமையெனப் போற்றிற்று என்பதை மாத்திரம் கொண்டு அதன் பண்பாட்டை அளத்தல் தகாது. எதனைப் பொழுதுபோக்கென ஒதுக்கிற்று என்பதையும் காணல் வேண்டும். அவ்வாறே, அழகிய நூல் ஒன்று தான் காட்டாது விட்ட மக்களையும் தேடிக் காணல் வேண்டும். கெஞ்சி கதையையும் ஓவாரி முறையீட்டையும் அருகருகே வைத்துப் படிப்பவரே ஹெயான் காலத்தை முழுமையாக அறிந்தவராவர்.